எத்தனை கிரே என்று யாரும் எழுதி வைக்கவில்லை

சின்ன வயதில் புற்றுநோய் வந்து பிழைத்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஐந்தாம் வருஷம் என்பது பெரிய விஷயம். அதைத் தாண்டிவிட்டால் கண்டம் கழிந்தது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பிக்கு மூளையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, ஐந்து வருஷம் முடிந்தபோது அம்மா அவனைப் பழனிக்குக் கூட்டிப்போய் வேண்டுதலை நிறைவேற்றினாள். டாக்டரும் "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார். கொஞ்ச காலத்தில் அந்த ஒரு தடவையும் நின்றுபோனது. போகச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, போக வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அவன் நன்றாகத்தானே இருந்தான்.

முப்பதுகளின் நடுவில் அவனுடைய தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு இன்னொரு கட்டி வந்தது. பழைய நோய் திரும்பவில்லை. இது வேறு வகை. பழைய நோயை ஒழிக்க முதுகு முழுக்கக் கொடுத்த கதிர்வீச்சு போன பாதையிலேயே முளைத்திருந்தது.

இப்படி நடக்கலாம் என்பது மருத்துவ உலகத்துக்கு ரொம்ப காலமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குச் சொல்ல வேண்டிய காகிதமும் எங்கள் கையில் இல்லை. உடம்பில் எங்கே, எவ்வளவு கதிர்வீச்சு போனது என்று எழுதியிருக்க வேண்டிய அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் நோயிலிருந்து தொடங்குகிறேன். 1990-களின் தொடக்கம், அவனுக்கு எட்டு வயது. காலையில் எழுந்ததும் வாந்தி, தலைவலி, நடையில் தள்ளாட்டம். பூச்சி மருந்து, பித்த மருந்து எல்லாம் கொடுத்து ஓய்ந்த பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பின்மூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் பார்க்கப்படுவது இது. ஆபரேஷனில் கட்டியை எடுத்த பிறகு தலைக்கு மட்டுமில்லாமல் முதுகுத் தண்டு முழுக்கக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கட்டி தலையில்தானே, முதுகுக்கு எதற்கு என்று அப்பா கேட்டார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரே நீர்தான் ஓடுகிறது, கட்டியின் அணுக்கள் அந்த நீரில் இறங்கி முதுகில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் மொத்தத்துக்கும் கொடுத்தாக வேண்டும் என்று விளக்கினார்கள். அது சரியான பதில்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எடித் பேட்டர்சன் என்ற மருத்துவர் 1953-இல் இதைத்தான் காட்டினார். மூளை, தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பிழைக்கிறார்கள் என்று அவர் எழுதியதற்கு முன், இந்தக் கட்டி வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம்.

அந்த வாரங்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அவன் முதுகில் போட்டிருந்த ஊதாக் கோடுகள். கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரு நீளக் கட்டம், நடுவில் குறுக்குக் கோடுகள். கோடு அழிந்தால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அம்மா அவனை உட்காரவைத்து, ஈரத்துணியால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டும் துடைத்துவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை குறுக்குக் கோடு மட்டும் கொஞ்சம் இடம் மாறும். தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று அம்மா பயந்தாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. முழு முதுகையும் ஒரே கட்டத்துக்குள் அடக்க முடியாதபோது இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் கதிர் மேலே மேலே விழுந்தால் அளவு கூடிவிடும், இடைவெளி விழுந்தால் அங்கே நோய் தப்பித்துவிடும். ஒரே இடத்தில் அந்தப் பிசகு சேராமல் இருக்க, சேரும் இடத்தை வாராவாரம் நகர்த்துவார்கள். அவ்வளவு கவனமாக வேலை செய்தவர்கள்தான் அவர்கள். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வளர்ந்தான். கால் நீண்டது, உடம்பு நீளவில்லை. வளர வேண்டிய முதுகெலும்புகள் கதிர்வீச்சில் வளர்ச்சியை நிறுத்திவிட்டிருந்தன. நின்றால் சுமாரான உயரம், பக்கத்தில் உட்கார்ந்தால் என் தோளுக்கு வருவான். சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்ப்பார். தைராய்டு சுரப்பு குறைந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். படிப்பில் மெதுவாக இருந்தான், ஆனால் பிடித்த விஷயத்தை விடமாட்டான். டிப்ளமோ முடித்து, ஒரு பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆனது. இவையெல்லாம் பழைய சிகிச்சை விட்டுப்போன அடையாளங்கள் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். கணக்கு இத்தோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தோம்.

இரண்டாவது நோய் முதுகுவலியாக வந்தது. யாருக்குத்தான் முதுகுவலி இல்லை? நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, அதனால்தான் என்றார்கள். ஆனால் இந்த வலி ராத்திரி படுத்த பிறகு அதிகமானது, எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை என்றான். அப்புறம் இடது கால் கனக்க ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதில் வயதுக்குத் தகுந்த லேசான டிஸ்க் தேய்மானம் தவிர ஒன்றுமில்லை. பெல்ட், வலி மாத்திரை, பிசியோ. மாதங்கள் ஓடின.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பல பேருக்கு நடக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்களின் கொத்து. கால் பலவீனம் என்றதும் இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுத்தால், தண்டுவடத்தின் பெரும்பகுதி அந்தப் படத்திலேயே இருக்காது. நெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் கட்டியும் காலைத்தான் பிடிக்கும், ஏனென்றால் காலுக்குப் போகும் நரம்புப் பாதை அந்த வழியாகத்தான் இறங்குகிறது. சின்ன வயதில் முதுகு முழுக்கக் கரண்ட் வைத்த ஆள் என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தால் முழுத் தண்டுவடத்துக்கும் ஸ்கேன் எழுதியிருப்பார். தம்பி "சின்ன வயசுல தலையில ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். வயதானவர். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நடக்கும்போது செருப்பு கழண்டு போகுதா?" ஆமாம் என்றான். "கழல்றது உங்களுக்குத் தெரியுதா, இல்ல கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாத்தான் தெரியுதா?" தம்பி யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆரம்பத்துல தெரிஞ்சது சார். இப்ப தெரியறதில்ல." வெறும் காலோடு நாலு கடை தள்ளிப் போய்விட்டு, செருப்பைத் தேடித் திரும்பி வந்த கதையை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டோம். காலைத் தூக்கும் தசை சோர்ந்தால் செருப்பு கழலும், ஆனால் தெரியும். தொடு உணர்வும் போனால் கழன்றதே தெரியாது. தம்பிக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருந்தது. பிறகு அவர் ஒரு ஊசியை எடுத்துப் பாதத்திலிருந்து மேலே மேலே லேசாகக் குத்திக்கொண்டே வந்தார். நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் தம்பி "சார், இங்க நல்லா குத்துது" என்றான். டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடிப்பாதத்தைக் கீறினால் கால்கட்டை விரல் கீழே மடங்காமல் மேலே விரிந்தது. இடுப்பில் இல்லை, இதைவிட மேலே என்றார். அப்போதுதான் முதுகைத் திருப்பிப் பார்த்து, நடுவில் நீளமாக ஓடும் நிறம் மாறிய தோலைத் தடவி, "இங்க ரேடியேஷன் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மருந்து ஏற்றி, முழுத் தண்டுவடத்துக்கும் எம்ஆர்ஐ. நெஞ்சுப் பகுதியில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு உள்ளே, தண்டுவடத்தின் உறையிலிருந்து கிளம்பிய ஒரு கட்டி. மெனிஞ்சியோமா. தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். படத்தில் அது ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, நாடா போலத் தட்டையாகத் தெரிந்தது. முதுகுத் தண்டில் வரும் மெனிஞ்சியோமா சாதாரணமாக நடுவயது தாண்டிய பெண்களுக்கு வருவது. முப்பதுகளில் இருக்கும் ஆணுக்கு வந்தால் காரணம் தேட வேண்டும். இவனுக்குக் காரணம் தோலிலேயே எழுதியிருந்தது.

"கரண்ட் வெச்சதாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள். ஒரு தனி ஆளைக் காட்டி அப்படி நிரூபிக்க முடியாது என்று அவர் நிதானமாகச் சொன்னார். ஆனால் பார்க்க ஒரு முறை இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவில் கேஹன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும், கதிர்வீச்சு பட்ட எலும்பில் பின்னால் வந்த புற்றுநோய்களைப் பார்த்து வகுத்த முறை அது. புதுக் கட்டி கதிர்வீச்சு பட்ட இடத்துக்குள் இருக்க வேண்டும், முதல் நோயிலிருந்து வேறு வகையாக இருக்க வேண்டும், நடுவில் நீண்ட இடைவெளி இருக்க வேண்டும். தம்பிக்கு மூன்றும் பொருந்தின.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன், புரியாததை அந்த டாக்டரிடமும் ரேடியேஷன் பிரிவில் இருக்கும் ஒரு தோழியிடமும் கேட்டேன். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் யாரோ எங்கோ பழைய நோட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் தெரிந்தது.

பெரிய பாடம் இஸ்ரேலிலிருந்து வந்தது. 1948-க்கும் 1960-க்கும் நடுவில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் அங்கே குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தலையில் படர்தாமரை இருந்தால் எக்ஸ்ரே கொடுத்தார்கள். தலையை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொடுத்தால் சில வாரத்தில் முடி மொத்தமும் கொட்டிவிடும், முடியோடு பூஞ்சையும் போய்விடும். கீன்பாக், ஆடம்சன் என்ற இருவர் 1900-களின் முதல் பத்தாண்டில் வகுத்த முறை. பல நாடுகளில் அப்போது இதுதான் வைத்தியம். 1950-களின் கடைசியில் கிரிசியோஃபல்வின் மாத்திரை வந்த பிறகுதான் நின்றது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு தோல் நோய்க்காகப் பிள்ளைகளின் மூளை வழியாகக் கதிர் போனது. அம்மாக்களுக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது.

பாருக் மோடன் என்ற மருத்துவர் அந்தப் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, கதிர்வீச்சு பெற்ற சுமார் 11,000 பேரை, பெறாத அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடும் மற்றவர்களோடும் ஒப்பிட்டு 1974-இல் வெளியிட்டார். தலையிலும் கழுத்திலும் கட்டிகள் கூடியிருந்தன. 1988-இல் எலைன் ரான் தலைமையில் நரம்பு மண்டலக் கட்டிகளை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். கதிர்வீச்சு பெற்ற 10,834 பேரில் 60 பேருக்குக் கட்டி. மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 9.5 மடங்கு. நரம்பு உறைக் கட்டிகளுக்கு 18.8 மடங்கு. மூளையின் தாங்கு அணுக்களில் முளைக்கும் கிளையோமாவுக்கு 2.6 மடங்கு. இத்தனைக்கும் அவர்களுக்குக் கிடைத்த சராசரி அளவு 1.5 கிரே. உடம்பு வாங்கிக்கொண்ட கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் கிரே. என் தம்பி சிகிச்சை பெற்ற காலத்தில் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு முதுகு முழுக்கக் கொடுத்த வழக்கமான அளவு சுமார் 36 கிரே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இஸ்ரேல் அரசு 1994-இல் அந்தப் பிள்ளைகளுக்கு இழப்பீடு தரச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் அவர்கள் நடுவயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

சிகாகோவில் மைக்கேல் ரீஸ் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. 1939 முதல் 1962 வரை, டான்சில் வீங்கிய குழந்தைகளுக்கு அங்கே கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். தைராய்டு புற்றுநோய் பற்றிய சந்தேகம் வலுத்ததும், 1974-இல் அந்த மருத்துவமனையே பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, சிகிச்சை பெற்ற ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்தது. வேறு ஊருக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் பெயர் மாறியவர்கள் எல்லோரையும். அந்தக் கூட்டத்திலிருந்துதான் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, நரம்பு உறைக் கட்டிகள் பற்றியெல்லாம் பல ஆண்டுகளுக்குத் தகவல் வந்தது. ஒரு மருத்துவமனை தன்னால் வந்த கெடுதலைத் தானே தேடிப்போய்ச் சொன்னது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

புற்றுநோய்க்காகவே கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளைப் பற்றிய பெரிய ஆய்வு அமெரிக்காவில் 1994-இல் தொடங்கியது. 1970-க்கும் 1986-க்கும் இடையில் நோய் கண்டு ஐந்து வருஷம் தாண்டியவர்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 14,361 பேரைப் பார்த்து 2006-இல் வெளிவந்த கணக்கில் 116 பேருக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ புதுக் கட்டி வந்திருந்தது. கிளையோமா வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் நோய்க்கு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்தது, மெனிஞ்சியோமா வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதினேழு வருஷத்துக்குப் பிறகு. அதாவது நாங்கள் கொண்டாடிய ஐந்தாம் வருஷத்துக்கு ரொம்ப அப்பால். பிரிட்டனில் சின்ன வயதில் புற்றுநோய் வந்து பிழைத்த 17,980 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், கதிர்வீச்சின் அளவு ஏற ஏற மெனிஞ்சியோமாவின் வாய்ப்பும் செங்குத்தாக ஏறியது தெரிந்தது.

அளவு ஏற ஏற என்று சொல்ல வேண்டுமானால் அளவு தெரிய வேண்டும் அல்லவா. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் மேரிலின் ஸ்டோவால் என்ற இயற்பியலாளர் இதைத்தான் செய்தார். பல மருத்துவமனைகளிலிருந்து வந்த பழைய ரேடியேஷன் பதிவுகளை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்தக் குழந்தையின் எந்த உறுப்புக்கு எத்தனை கிரே போயிருக்கும் என்று அவரும் அவருடைய குழுவினரும் மீட்டெடுத்தார்கள். கட்டி முளைத்த அதே இடத்துக்குப் போன அளவைக்கூட. அவரைப் பற்றிப் படித்தபோது தம்பியின் ஃபைல்தான் ஞாபகம் வந்தது.

தம்பிக்கு ஆபரேஷன் நடந்தது. முதுகெலும்பின் பின்வளைவைத் திறந்து, நரம்பில் மின் சமிக்ஞை ஓடுகிறதா என்று கடைசிவரை கண்காணித்துக்கொண்டே எடுத்தார்கள். பெரும்பகுதி வந்துவிட்டது. முன்பக்கத்து உறையோடு ஒட்டியிருந்த கொஞ்சத்தை விட்டுவிட்டார்கள், இழுத்தால் தண்டுவடம் தாங்காது. பயாப்சியில் இரண்டாம் கிரேடு என்று வந்தது, அதாவது சாதுவான முதல் வகைக்கும் மோசமான மூன்றாம் வகைக்கும் நடுவில். இரண்டாம் கிரேடில் மிச்சம் இருந்தால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம். அதற்கு வழக்கமாக என்ன செய்வார்கள் தெரியுமா? கதிர்வீச்சு கொடுப்பார்கள்.

ரேடியேஷன் டாக்டர் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்: முன்பு முதுகுக்கு மொத்தம் எத்தனை கிரே? ஒரு நாளைக்கு எத்தனை? எந்த இடத்தில் இரண்டு கட்டமும் சேர்ந்தன? எந்த மெஷின்? எந்தத் தேதியில் முடிந்தது? தண்டுவடம் வாழ்நாளில் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமான முறையில் கொடுத்தால் 45 முதல் 50 கிரே வரை பத்திரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் தண்டுவடமே கருகி, கால் மொத்தமாகப் போகும் ஆபத்து. வருஷங்கள் ஓடியதில் அது ஓரளவு தேறியிருக்கும் என்றாலும், எவ்வளவு போனது என்று தெரியாமல் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட முடியாது.

எங்களிடம் இருந்தது அப்பா பத்திரமாக வைத்திருந்த ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. ஆபரேஷனைப் பற்றி ஒரு பக்கம். கடைசி வரியில் கையெழுத்தில், "ஆர்.டி. கம்ப்ளீட்டட்", அதாவது கதிர்வீச்சு முடிந்தது. அவ்வளவுதான். சிகிச்சை கொடுத்த மருத்துவமனைக்குப் போனோம். பழைய ரெக்கார்டெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன், மேலே ஒருவரைப் போய்ப் பார்த்தேன், பழைய ரிஜிஸ்டராவது இருக்கிறதா என்று கேட்டேன். ரிஜிஸ்டரில் பெயர், வயது, தேதி, "சி.எஸ்.ஐ." என்ற மூன்றெழுத்து. மூளை, தண்டுவடம் முழுவதற்கும் என்று அர்த்தம். எண் இல்லை. வாராவாரம் கோட்டை நகர்த்தி, ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் வேலை செய்த இடத்தில், அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எங்கள் கையில் கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் போனது. அந்தச் சீட்டு இருந்திருந்தால் முதல் எலும்பு டாக்டரே விஷயத்தைப் பிடித்திருப்பார்.

இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்குக் கதிர்வீச்சு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கதிர்வீச்சு இல்லாவிட்டால் என் தம்பி ஒன்பதாவது பிறந்தநாளைப் பார்த்திருக்க மாட்டான். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது என்பதை மருத்துவர்கள் பல்லாண்டு உழைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் தலைக்குக் கதிர்வீச்சு கட்டாயம். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, மருந்துகளை மட்டும் சரியாகக் கொடுத்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்று 2009-இல் காட்டியது. மெடுல்லோபிளாஸ்டோமாவில், கீமோ சேர்த்துக் கொடுத்து, பரவாத நோய்க்கு 36 கிரே 23.4 ஆக இறங்கியது. அதற்கும் கீழே 18-க்கு இறக்கிப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, 18 கிரே பெற்ற சின்னக் குழந்தைகளில் ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 71 சதவீதம், 23.4 பெற்றவர்களில் சுமார் 83. பின்னால் வரக்கூடிய கட்டிக்குப் பயந்து அளவுக்கு மீறிக் குறைத்தால் முன்னால் இருக்கும் கட்டியே கொன்றுவிடும் என்பது இதில் தெரிகிறது.

புரோட்டான் சிகிச்சை பற்றியும் பலர் கேட்கிறார்கள். சென்னையில் 2019-இலிருந்து இருக்கிறது. முதுகுக்குக் கொடுக்கும்போது புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும், இதயம், நுரையீரல், குடல் பக்கம் போகாது. குழந்தைகளுக்கு அது பெரிய லாபம். ஆனால் தண்டுவடமும் அதன் உறையும்தான் சிகிச்சையின் குறியே என்பதால், அங்கே போகும் அளவு போகத்தான் செய்யும். தம்பிக்கு வந்தது போன்ற கட்டியை அது தடுத்துவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கதிர்வீச்சு பெற்ற எல்லோருக்கும் கட்டி வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடும்பத்திலேயே என்எஃப்1, என்எஃப்2, லை-ஃப்ராமெனி போன்ற மரபுக் கோளாறு இருந்தால் வாய்ப்பு கூடுதல். எல்லோருக்கும் வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டுமா என்று கேட்டால், அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை, டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டிகளின் நிலை. அறிகுறி வந்தால் தாமதிக்கக்கூடாது என்பதில் இரண்டு கருத்தே இல்லை. படுத்தால் கூடும் முதுகுவலி, கால் கனப்பது, மரத்துப்போவது, செருப்பு நழுவுவது, சிறுநீர் அடைப்பது அல்லது அடக்க முடியாமல் போவது. சின்ன வயதில் முதுகுக்குக் கரண்ட் வைத்தவருக்கு இதில் ஒன்று வந்தாலும், இடுப்புக்கு மட்டும் என்றில்லாமல் முழுத் தண்டுவடத்துக்கும் ஸ்கேன் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிகிச்சை முடித்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே மும்பையின் டாடா மெமோரியல் மருத்துவமனை 1991-இல் தனி கிளினிக் தொடங்கியது. தம்பிக்குச் சிகிச்சை நடந்த காலத்திலேயே இந்தியாவில் இது இருந்திருக்கிறது. இன்று பல மருத்துவமனைகள் சிகிச்சைச் சுருக்கம் என்று ஒரு தாள் கொடுக்கின்றன. கொடுக்காத இடத்தில் கேட்டு வாங்குங்கள். நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, கீமோ மருந்துகளும் மொத்த அளவும், கதிர்வீச்சு எந்தெந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த மெஷின், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. பிள்ளைக்கு விவரம் தெரிந்த வயது வந்ததும் அவனிடமே கொடுத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கள் அப்பா போனபோது அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விட்டது.

ரேடியேஷன் டாக்டர் கடைசியில், எண் தெரியாத நிலையில் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே போவோம், வளர்ந்தால் அப்போது யோசிப்போம் என்று முடிவு செய்தார். அந்தக் காலத்து வழக்கப்படி 35, 36 இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் மிச்சம் வளரவில்லை. தம்பி வாக்கர், கைத்தடி எல்லாம் தாண்டி இப்போது சும்மாவே நடக்கிறான், மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். பாதத்தில் உணர்வு முழுக்கத் திரும்பவில்லை. பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போடுகிறான். அடுத்த ஸ்கேன் ஆவணியில்.